சிறுநீரிலிருந்து கரண்ட், உரம்... உண்மையில் லாபம் எதில்? பாலக்காடு ஐ.ஐ.டி கருவியும் வானகரம் மண்டபக் கணக்கும்

சிறுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், செல்போன் சார்ஜ் போடலாம், கூடவே உரமும் கிடைக்கும். இப்படி ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர், 'அப்போ யூரியா இறக்குமதியே தேவையில்லையே' என்பார்கள். மத்திய அமைச்சர் நிதின் கட்கரியும் 2019-ல் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். நாட்டு மக்களின் சிறுநீரைச் சேமித்தால் யூரியாவை இறக்குமதி செய்ய வேண்டியிருக்காது என்பது அவர் கருத்து.

இதில் எவ்வளவு உண்மை? சிறுநீரில் அப்படி என்ன இருக்கிறது? வானகரம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வேகமாக வளரும் சென்னையின் மேற்குப் பகுதியில் இதைச் செய்தால் யாருக்கு என்ன லாபம்? விரிவாகப் பார்க்கலாம்.

பாலக்காடு ஐ.ஐ.டி என்ன செய்தது?

கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் பாலக்காடு ஐ.ஐ.டி-யின் ஆராய்ச்சி பற்றிய செய்தி 2024 ஜனவரியில் வெளியானது. சிவில் இன்ஜினீயரிங் துறையின் உதவிப் பேராசிரியர் பிரவீணா கங்காதரன் தலைமையிலான குழு ஒரு கருவியை உருவாக்கியது. தனியாகப் பிரித்துச் சேகரித்த சிறுநீரை இதில் ஊற்றினால், ஒரு பக்கம் மின்சாரம் கிடைக்கும், இன்னொரு பக்கம் உரம் கிடைக்கும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியில் நடந்த ஆராய்ச்சி இது.

கருவியில் பல அறைகள் இருக்கின்றன. முதல் அறையில் சிறுநீரில் உள்ள யூரியா உடைந்து அமோனியாவாக மாறுகிறது. அடுத்தது மின்வேதியியல் அறை. இங்கே ஒரு முனையில் மெக்னீசியம் தகடு, இன்னொரு முனையில் காற்றோடு தொடர்புள்ள கார்பன். மெக்னீசியம் மெல்லக் கரையும்போது மின்சாரம் உண்டாகிறது. கரைந்த மெக்னீசியம், சிறுநீரில் உள்ள பாஸ்பேட், அமோனியா இரண்டோடும் சேர்ந்து வெள்ளைப் படிகமாக அடியில் தங்குகிறது. இந்தப் படிகத்தின் பெயர் ஸ்ட்ரூவைட். இதுதான் உரம். அதற்குப் பிறகு மிச்சமுள்ள அமோனியாவை உறிஞ்சிக்கொள்ள ஒரு அறை, நிறம் நீக்கிக் குளோரின் கலக்க ஒரு அறை என்று போகிறது.

ஒரு சுற்றில் 500 மில்லிவாட் மின்சாரம், 7 முதல் 12 வோல்ட் வரை மின்னழுத்தம் கிடைத்ததாக ஆய்வுக்குழு தெரிவித்தது. எல்.இ.டி விளக்கு எரியவைக்கவும் செல்போன் சார்ஜ் செய்யவும் இது பயன்படும், தியேட்டர், மால் போன்ற இடங்களுக்குப் பொருந்தும் என்றும் சொன்னது.

500 மில்லிவாட் என்றால் எவ்வளவு?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். 500 மில்லிவாட் என்பது அரை வாட். வீட்டில் எரியும் சாதாரண 9 வாட் எல்.இ.டி பல்புக்கு இப்படி 18 கருவிகள் வேண்டும். இன்றைய ஸ்மார்ட்போன் பேட்டரி ஒன்றை முழுசாக சார்ஜ் செய்ய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். வருஷம் முழுக்க, இரவு பகலாக அதே அளவில் ஓடியதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 4.4 யூனிட் கரண்ட்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த மின்சாரம் பெரும்பாலும் மெக்னீசியம் கரைவதால் வருவது. டார்ச் லைட் பேட்டரியில் துத்தநாகம் கரைவது மாதிரி. சிறுநீர் இங்கே பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தின் வேலையைச் செய்கிறது. மெக்னீசியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க ஏற்கெனவே நிறைய எரிசக்தி செலவாகியிருக்கும். அதனால் இதை மின் உற்பத்தி நிலையமாகப் பார்ப்பது சரியாக இருக்காது. உரம் எடுக்கும்போது கூடவே கிடைக்கும் சின்ன போனஸ் என்று பார்ப்பதுதான் சரி.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வேறு வழியில் முயன்றார்கள். அங்குள்ள வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஐயோனிஸ் இயரோபுலோஸ் குழு, சிறுநீரைத் தின்னும் பாக்டீரியாக்களிடமிருந்து மின்சாரம் எடுத்தது. 2013-ல் அதை வைத்து செல்போன் சார்ஜ் செய்து காட்டினார்கள். 2015-ல் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் சிறுநீர்க் கழிப்பிடங்களுக்கு விளக்கு போட்டார்கள். பிறகு உகாண்டாவில் ஒரு பெண்கள் பள்ளியின் கழிப்பறைக்கும் இதே முறையில் வெளிச்சம் கொடுத்தார்கள். கரண்டே இல்லாத இடத்தில், இருட்டில் கழிப்பறைக்குப் போகும் மாணவிக்கு அந்தச் சின்ன வெளிச்சம் பெரிய பாதுகாப்பு. ஆனால் மின் இணைப்பு இருக்கும் வானகரத்தில் அது பெரிய ஆதாயம் ஆகாது.

சரி, கரண்ட் இல்லையென்றால் வேறு எதில் லாபம்?

சிறுநீரில் என்னதான் இருக்கிறது?

நாம் சாப்பிடும் சோறு, பருப்பு, காய்கறி எல்லாம் வயலில் போட்ட உரத்தைத் தின்று வளர்ந்தவை. வளர்ந்த மனிதரின் உடம்பு அந்தச் சத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. சாப்பிட்ட அளவுக்குக் கிட்டத்தட்ட வெளியே அனுப்பிவிடுகிறது. அதில் பெரும்பங்கு சிறுநீர் வழியாகத்தான் போகிறது.

இந்திய உணவுப் பழக்கத்தை வைத்துப் போட்ட மதிப்பீட்டின்படி, ஒரு ஆளின் சிறுநீரில் வருஷத்துக்கு 2.3 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் இருக்கிறது. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் 0.3 கிலோ. சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம் 1.1 கிலோ. நைட்ரஜனை மட்டும் யூரியா கணக்கில் சொன்னால் 5 கிலோ. அதாவது 9 பேரின் ஒரு வருஷச் சிறுநீர், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம்.

நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து என்று வைத்தால், 26 பேரின் ஒரு வருஷச் சிறுநீர் ஒரு ஏக்கரின் ஒரு போகத்துக்குப் போதும்.

இதில் முக்கியமானது பொட்டாசியமும் பாஸ்பரஸும். பொட்டாஷ் உரம் முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. பாஸ்பேட் பாறையிலும் பெரும்பகுதி இறக்குமதிதான். நைட்ரஜனையாவது காற்றிலிருந்து எடுக்கலாம். பாஸ்பரஸை அப்படி எடுக்க முடியாது, பாறையைத் தோண்டித்தான் ஆக வேண்டும். சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், பாஸ்பரஸ் என்ற தனிமமே முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சிறுநீரில்தான். 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் கிடைக்கும் என்று சிறுநீரைக் காய்ச்சினார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ்.

இப்போது இந்தச் சத்து எங்கே போகிறது?

கழிவுநீரின் மொத்த அளவில் சிறுநீர் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனில் 80 சதவீதமும், பாஸ்பரஸில் சுமார் பாதியும் அந்த 1 சதவீதத்திலிருந்து வருபவை. நாம் என்ன செய்கிறோம்? அந்த ஒரு பங்கின் மேல் 99 பங்கு தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிடுகிறோம். அப்புறம் அதைப் பிரிப்பதற்குப் பெரிய செலவு செய்கிறோம்.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு எஸ்.டி.பி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நன்றாகத் தெரியும். அதில் இரவு பகலாக 'புளோயர்' ஓடும் சத்தமும் கேட்டிருக்கும். அந்தக் காற்றில் ஒரு பகுதி, சிறுநீரிலிருந்து வந்த அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றத்தான் செலவாகிறது. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை மாற்ற 4.57 கிலோ ஆக்ஸிஜன் தேவை. அதைத் தண்ணீருக்குள் செலுத்த 3 முதல் 4 யூனிட் கரண்ட் ஆகும். கடைசியில் நைட்ரஜனைக் காற்றோடு காற்றாக விட்டுவிடுகிறோம். சுத்திகரிக்காமல் போகும் கழிவுநீரில் அது அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது.

திருவேற்காடு, வானகரம், மதுரவாயல் வழியாக ஓடும் கூவத்தில் ஆகாயத்தாமரை ஏன் இப்படி மண்டுகிறது என்று கேட்டால், பதிலின் பெரிய பகுதி இதுதான். வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. பிறகு அதை வாருவதற்கு பொக்லைனும் பணமும் தனி.

இன்னொரு பக்கம், சென்னையின் வட முனையில் மணலியில் இருக்கிறது மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம். 'விஜய்' யூரியா அங்கேதான் தயாராகிறது. இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்திக் காற்றிலிருக்கும் நைட்ரஜனை யூரியாவாக்குகிறார்கள். அந்த ஆலைக்குத் தேவையான தண்ணீரில் ஒரு பகுதி, சென்னை மக்களின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்தான். அதாவது ஒரு பக்கம் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனை செலவு செய்து காற்றில் விடுகிறோம். அந்தத் தண்ணீரையே எடுத்துக்கொண்டுபோய், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மறுபடியும் யூரியா செய்கிறோம்.

எரிசக்தி லாபம் ஒளிந்திருக்கும் இடம்

இந்தியாவில் ஒரு டன் யூரியா தயாரிக்க ஏறக்குறைய 6 கிகா கலோரி எரிசக்தி ஆகிறது. கிலோவுக்குச் சுமார் 7 யூனிட்டுக்கு இணையானது. அப்படியென்றால் ஒரு ஆளின் வருஷச் சிறுநீரில் இருக்கும் 5 கிலோ யூரியாவுக்கு 35 யூனிட். சுத்திகரிப்பு நிலையத்தில் மிச்சமாவது 7 முதல் 9 யூனிட். இரண்டும் சேர்ந்தால் 40-க்கு மேல். கருவியில் நேரடியாகக் கிடைக்கும் கரண்டைவிட இது எத்தனையோ மடங்கு அதிகம்.

சிறுநீரிலிருந்து உரத்தைப் பிரித்தெடுக்கவும் எரிசக்தி செலவாகும். அதைக் கழித்துவிட்டுத்தான் நிகர லாபத்தைச் சொல்ல வேண்டும். ஆனாலும் கணக்கின் திசை தெளிவாகத் தெரிகிறது. புதிதாக எடுக்கும் கரண்டைவிட, செலவழிக்காமல் தவிர்க்கும் எரிசக்திதான் பெரிது.

வானகரம் மண்டபக் கணக்கு

வானகரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய பெரிய மண்டபங்கள். 2022-ல் அ.தி.மு.க பொதுக்குழு நடந்ததும் அப்படி ஒரு மண்டபத்தில்தான். முகூர்த்த நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடும் இடங்கள் இவை. சிறுநீரைப் பிரித்தெடுக்க இப்படிப்பட்ட இடங்கள்தான் வசதியானவை. காரணம், ஒரே கூரையின் கீழ் நிறையப் பேர், ஒரே குழாயில் நிறையச் சிறுநீர்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஒரு விசேஷத்துக்கு 1,000 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் இரண்டு முறை கழிப்பறைக்குப் போகிறார்கள். ஒரு முறைக்குக் கால் லிட்டர். மொத்தம் 500 லிட்டர் சிறுநீர். அதில் இருப்பது 2.3 கிலோ நைட்ரஜன், அதாவது 5 கிலோ யூரியா. வருஷத்துக்கு 60 விசேஷம் என்றால் 300 கிலோ யூரியா, ஏறக்குறைய 7 மூட்டை. இரண்டேகால் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்குப் போதும்.

இதன் விலை என்ன? விவசாயி வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அப்படிப் பார்த்தால் 300 கிலோவுக்கு 1,800 ரூபாய்கூட வராது. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்ததற்கு இவ்வளவுதானா என்று தோன்றும். மானிய விலை யூரியாவோடு போட்டி போட்டால் இந்தத் திட்டம் தோற்றுத்தான் போகும். உண்மையான உற்பத்திச் செலவு இதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுக்கிறது. அதாவது லாபம் மண்டபத்துக்கு வராது, நாட்டின் உர மானியக் கணக்கில்தான் தெரியும்.

இப்போது தண்ணீரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 3 லிட்டர் ஃப்ளஷ் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். ஒரு விசேஷத்துக்கு 6,000 லிட்டர். 60 விசேஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 30 லாரித் தண்ணீர். இவ்வளவும் உள்ளே வரும்போது ஒரு செலவு. கழிவுநீராக வெளியே போகும்போது, பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத இடங்களில், கழிவுநீர் லாரிக்கு இன்னொரு செலவு.

ஆக, தண்ணீர் ஊற்றாத சிறுநீர்க் கழிப்பான் வைத்து, தனிக் குழாயில் தொட்டிக்கு அனுப்பினால், கட்டடத்தின் சொந்தக்காரருக்கு முதல் லாபம் தண்ணீர். இரண்டாவது, குறையும் கழிவுநீர்ச் செலவு. மூன்றாவதுதான் உரம். கரண்ட் கடைசி. தலைப்புச் செய்திகளில் வரும் வரிசைக்கு இது நேர் எதிர்.

தண்ணீர் இல்லாத கழிப்பான் ஒன்றும் எட்டாத விஷயம் அல்ல. டெல்லி ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் விஜயராகவன் சாரியார் வழிகாட்டுதலில் இதற்கான எளிய அமைப்பை உருவாக்கி, 'ஜீரோடோர்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே உள்ள சாதாரண கழிப்பானிலேயே இதைப் பொருத்தலாம். சிறுநீர் உள்ளே இறங்கும், துர்நாற்றம் மேலே வராது.

இதில் ஒரு நேர்மையான சிக்கல் உண்டு. கழிப்பான் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்கள் பக்கத்துக்கு, முன்பகுதியில் சிறுநீர் தனியாகப் பிரியும் வகைக் கோப்பை வேண்டும். அதன் விலையும் பராமரிப்பும் கூடுதல். ஆண்கள் பக்கம் மட்டும் செய்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாமே ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முசிறி ஏற்கெனவே செய்து காட்டியது என்ன?

பிரித்துச் சேகரிப்பதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறியில்.

காவிரிக் கரையில் இருக்கும் முசிறியில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். குழி எடுத்துக் கழிப்பறை கட்டினால் கழிவு நேராகக் கிணற்று நீரில் கலக்கும். அதனால் மாராச்சி சுப்புராமன் நிறுவிய 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம், சிறுநீர், மலம், கழுவும் நீர் மூன்றும் தனித்தனியாகப் போகும் கழிப்பறைகளைக் கட்டியது. மலம் விழும் அறையில் சாம்பல் தூவுவார்கள். ஒரு அறை நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள். மூடியது சில மாதங்களில் எருவாகிவிடும். சிறுநீர் தனித் தொட்டிக்குப் போகும்.

முசிறி சாலியர் தெருவில் கட்டிய பொதுக் கழிப்பறைதான் உலகச் செய்தியானது. பொதுக் கழிப்பறைக்கு நாம் காசு கொடுப்போம். அங்கே கழிப்பறையைப் பயன்படுத்துபவருக்கு ஒரு முறைக்கு 10 காசு கொடுத்தார்கள். சேர்ந்த சிறுநீரை வாழை போன்ற பயிர்களில் பரிசோதித்தார்கள். சுகாதாரப் பணிக்காக சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

10 காசில் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் 'இது கழிவு இல்லை, மதிப்புள்ள பொருள்' என்பதை ஒரு தெருவே ஏற்றுக்கொள்ள அந்த 10 காசு உதவியது. எந்தக் கருவியும் இல்லாமல், பிரித்து வைப்பதை மட்டும் வைத்தே பாதி வேலையை முடித்தது முசிறி. மற்ற எல்லாத் தொழில்நுட்பமும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நேராக வயலில் ஊற்றலாமா?

ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் கிருமிகள் மிகக் குறைவு. ஆனால் சேகரிக்கும்போது மலம் கலந்தால் ஆபத்து. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஒரு எளிய வழி சொல்கின்றன. பலரிடம் சேகரித்த சிறுநீரை 20 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், மூடிய தொட்டியில் 6 மாதம் வைத்திருந்தால் எல்லாப் பயிருக்கும் பயன்படுத்தலாம். நம் ஊர் வெயிலுக்கு இது கஷ்டமே இல்லை. சேமிக்கும்போது யூரியா அமோனியாவாக மாறி, சிறுநீர் காரமாகிவிடும். அந்தக் காரமும் அமோனியாவும் கிருமிகளைக் கொல்லும்.

பயன்படுத்தும்போது தண்ணீர் கலந்து, இலையில் படாமல், வேர்ப்பக்கம் சிறு பள்ளத்தில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும். மேலாக ஊற்றினால் அமோனியா காற்றில் போய்விடும், நாற்றமும் அடிக்கும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சிறுநீரில் உப்பும் இருப்பதால், ஏற்கெனவே உவர்ப்பான மண்ணிலும் வடிகால் இல்லாத களிமண்ணிலும் எச்சரிக்கை தேவை.

மருந்து இன்னொரு கவலை. நாம் சாப்பிடும் ஆன்டிபயாட்டிக், ஹார்மோன் மாத்திரைகளின் ஒரு பகுதி சிறுநீரில்தான் வெளியேறும். அதனால் மருத்துவமனைகளின் சிறுநீரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மற்ற இடங்களுக்கு சுவிட்சர்லாந்து ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்குள்ள 'ஈவாக்' நீர் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த முறையில், முதலில் பாக்டீரியாவை வைத்து அமோனியாவை நிலைப்படுத்துகிறார்கள். பிறகு கரி வடிகட்டியில் மருந்து எச்சங்களை நீக்குகிறார்கள். கடைசியாகக் காய்ச்சி, தண்ணீரின் பெரும்பகுதியைப் பிரித்துவிடுகிறார்கள். மிஞ்சும் அடர்திரவம் 'ஆரின்' என்ற பெயரில் விற்பனையாகிறது. உணவுப் பயிர்களுக்கும் இதைப் பயன்படுத்த 2018-ல் அந்நாடு அனுமதி கொடுத்தது.

ஸ்ட்ரூவைட் படிகம் போதாதா?

போதாது. ஸ்ட்ரூவைட் வெள்ளைப் பொடி, நாற்றம் இல்லை, மூட்டை கட்டலாம். வயலில் மெதுவாகக் கரைவதால் மழையில் அடித்துக்கொண்டு போகாது. ஆனால் அதில் சேர்வது பாஸ்பரஸுக்குச் சமமான மூலக்கூறு அளவு நைட்ரஜன் மட்டுமே. மேலே சொன்ன இந்திய அளவுகளை வைத்துக் கணக்கு போட்டால், பாஸ்பரஸில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நைட்ரஜனில் 100-க்கு 6 பங்குதான் கிடைக்கும். மிச்ச 94 பங்கை வேறு வழியில் பிடிக்க வேண்டும். பாலக்காடு கருவியில் அமோனியா உறிஞ்சும் அறை தனியாக இருப்பது இதற்காகத்தான். இனி யாராவது 'சிறுநீர் உரம்' என்று விற்க வந்தால் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: நைட்ரஜனில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது?

பழைய கழிப்பறைகளில் குழாய் அடைத்துக்கொள்வதற்கும் இந்த ஸ்ட்ரூவைட் ஒரு காரணம். குழாய்க்குள் கெட்டியாகப் படியும் மஞ்சள் வெள்ளை நிறக் கல்லில் இதுவும் இருக்கும். ஆசிட் ஊற்றிச் சுரண்டி எறிவதில் ஒரு பகுதி, வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கும் பாஸ்பேட்.

தடைகள் என்ன?

முதலில் சட்டம். இந்தியாவில் உரம் என்ற பெயரில் எதையும் விற்றுவிட முடியாது. 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரையறுத்த தரத்தில் இருக்க வேண்டும். தன் தோட்டத்துக்குத் தானே பயன்படுத்துவது வேறு, மூட்டையில் போட்டு விற்பது வேறு.

இரண்டாவது போக்குவரத்து. சேமித்த சிறுநீரில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை லாரியில் ஏற்றி நூறு கிலோமீட்டர் கொண்டுபோனால், டீசல் செலவே உரத்தின் விலையைத் தாண்டிவிடும். பக்கத்திலேயே பயன்பட வேண்டும், இல்லையென்றால் அடர்த்தியாக்க வேண்டும். இந்த விஷயத்தில் சென்னையின் மேற்குப் பகுதிக்கு ஒரு சாதகம் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டத்தின் நெல் வயல்களும் பூந்தோட்டங்களும் அதிக தூரத்தில் இல்லை. உணவுப் பயிரில் தயக்கம் இருந்தால் பூச்செடி, நர்சரி, சாலையோர மரங்களில் தொடங்கலாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். தொட்டியை யார் காலி செய்வது? நம் சமூகத்தில் கழிவு என்றாலே அது குறிப்பிட்ட சாதியினரின் தலையில் விழுகிறது. கையால் மலம் அள்ளும் தொழிலை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் நின்றபாடில்லை. 'உரம்', 'பசுமை' என்று புதுப் பெயர் சூட்டி, பழைய வேலையையே அதே ஆட்களிடம் கேனில் தூக்கக் கொடுத்தால் அது முன்னேற்றம் ஆகாது. குழாய், பம்ப், மூடிய டேங்கர் என்று கை படாத அமைப்பாக இருந்தால் மட்டுமே இதைத் தொடங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் திட்டத்தின் கணக்கைப் போட வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியது எது?

கட்டி முடித்த கட்டடத்தில் தனிக் குழாய் போடுவது பெரிய வேலை. சுவரை உடைக்க வேண்டும். புதிதாகக் கட்டும்போது போட்டால் சில நூறு அடி பிவிசி பைப்பும் ஒரு தொட்டியும்தான் கூடுதல். சென்னையின் மேற்குப் பகுதியில் மண்டபம், மால், கல்லூரி விடுதி, ஐ.டி அலுவலகம், அடுக்குமாடி என்று தினமும் ஏதாவது கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் கழிப்பான்களுக்கு மட்டும் தனிக் கோடு ஒன்று இருந்தால் போதும். உரமாக்கும் கருவி இன்று வரலாம், ஐந்து வருஷம் கழித்தும் வரலாம். அதுவரைக்கும் தண்ணீர் மிச்சமாகும், எஸ்.டி.பி-யின் கரண்ட் பில்லும் கொஞ்சம் குறையும்.

ஒரு தடவை கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். அதனால் உரக் கருவி வருவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. முடிவு எடுக்க வேண்டியவர்கள், இப்போது வீட்டுக்கோ மண்டபத்துக்கோ பிளான் போட்டுக்கொண்டிருக்கும் இன்ஜினீயரும் பிளம்பரும்தான்.